எட்டு பெரியவங்க, அஞ்சு வாண்டுகள், ஒரே வீடு... அஸ்தம்பட்டியில் ஒரு சனி, ஞாயிறு!

சனிக்கிழமை காலையில் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒன்றன்பின் ஒன்றாக ஏற்காடு போகும் கார்கள். முன் சீட்டில் அப்பா, அம்மா. பின் சீட்டில் பாட்டி, சிப்ஸ் பாக்கெட், கூடவே எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு நேராகப் பிடித்தபடி ஒரு குழந்தை. கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்துவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த எலுமிச்சம்பழம் எத்தனையாவது வளைவு வரை தாங்கும் என்பது அந்தந்தக் குழந்தையின் வயிற்றைப் பொறுத்தது!

அஸ்தம்பட்டிக்காரர்களுக்கு ஏற்காடு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலை மாதிரி. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால் பெரும்பாலும் போவதில்லை. கோடை விழா, மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்க மாட்டார்கள். இங்கே இருக்கும் என் அக்கா வீட்டிலும் அப்படித்தான். இவர்களுடைய வீக் எண்ட் கொண்டாட்டம் வீட்டிலேயே நடக்கும். நெருங்கிய நண்பர்கள் இரண்டு குடும்பம், குழந்தை குட்டிகளோடு சனிக்கிழமை வந்து, ஞாயிறு சாயந்திரம் கிளம்புவார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அக்கா, மாமா, அக்காவின் மாமியார் (நான் அத்தை என்று கூப்பிடுவேன்), நாமக்கல்லில் இருந்து வரும் மாமாவின் கல்லூரி நண்பர் குடும்பம், அம்மாப்பேட்டையில் இருந்து வரும் அக்காவின் பள்ளித் தோழி குடும்பம், அப்புறம் நான். பெரியவர்கள் எட்டு பேர். வாண்டுகள் ஐந்து. மூத்தவனுக்கு எட்டு வயது. அடுத்து ஆறு, ஐந்து, மூன்று. கடைக்குட்டிக்கு 11 மாதம். ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், ஒரு மொட்டை மாடி. இதற்குள் இரண்டு நாள்!

கேட்கும்போது ஜாலியாக இருக்கிறது அல்லவா? நடுவில் எட்டு மாதம் இது நின்றே போயிருந்தது. காரணம் சண்டை இல்லை. அக்காவின் இடுப்புவலி.

"நாங்க என்னடி தப்பு பண்ணோம்?"

அந்த முறை நண்பர்கள் கிளம்பியதும் எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்பில் ஹார்ட்டின் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, "இனிமே யாரையும் கூப்பிட வேண்டாங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை காபியில் ஆரம்பித்து, ஞாயிறு இரவு கடைசி குண்டானைக் கழுவிக் கவிழ்க்கும் வரை அவர் நண்பர்களோடு உட்கார்ந்து பேசியது மொத்தமே அரை மணி நேரம் இருக்கும். பேசத்தான் கூப்பிட்டோம். ஆனால் பேசவே இல்லை.

எட்டு மாதம் கழித்துத் தோழி நேராகவே கேட்டுவிட்டார். "நாங்க என்னடி தப்பு பண்ணோம்? ஏன் கூப்பிடவே மாட்டேங்கிற?" அப்போதுதான் அக்கா உண்மையைச் சொன்னார். நல்லவேளை, கேட்டார். கேட்காமல் விட்டிருந்தால் 20 வருட நட்பு "பிஸி போல" என்ற ஒற்றை வார்த்தையில் கரைந்திருக்கும்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை என்பதற்கு அரசாங்கக் கணக்கே இருக்கிறது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காகச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்கள். அதே வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். அதாவது ஒருவருக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம், இன்னொருவருக்கு ஒன்றரை மணி நேரம். குழந்தை, முதியவர் பராமரிப்பு இதில் சேராது, அது தனிக்கணக்கு. சாதாரண நாளிலேயே இந்த நிலை என்றால், வீட்டில் 13 பேர் இருக்கும் நாளில் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

அதனால் மூன்று குடும்பமும் சேர்ந்து, வருவதற்கு முன்பே வேலையைப் பிரித்துக்கொள்வது என்று முடிவு செய்தது. கடந்த நான்கு முறையாக அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேலைப் பட்டியல் முதலில், மெனு அப்புறம்

புதன்கிழமையே வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு குடும்பம் பொறுப்பு. பொறுப்பு என்றால் சமைப்பது மட்டும் இல்லை. காய் வாங்குவது, நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைப்பது வரை.

சனி மதியம் அக்கா வீட்டுப் பொறுப்பு: சாதம், ரசம், ஒரு பொரியல், அப்பளம். இரவு நாமக்கல் குடும்பம். வீட்டிலேயே அரைத்த இட்லி மாவைத் தூக்கில் எடுத்து வந்துவிடுவார்கள். ஞாயிறு காலை தோழி குடும்பம். ஞாயிறு மதியம் மட்டன் குழம்பு, மூன்று ஆண்களும் சேர்ந்து. கறிக்கடை வரிசையில் நிற்பதில் தொடங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் குக்கரைத் தேய்ப்பது வரை அவர்கள்தான். "குழம்பு மட்டும் நாங்க வெச்சுட்டு, பாத்திரத்தை நீங்க பாருங்க" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு விஷயம். ஒரு வேளைக்கு ஒரே மெனு. அவருக்குச் சப்பாத்தி, இவருக்குத் தோசை, குழந்தைக்கு நூடுல்ஸ் என்று பிரித்தால் அடுப்பு அணையவே அணையாது. குழந்தைகளுக்குக் காரம் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இதற்கு எதிர்ப்பு அத்தையிடம் இருந்து வந்தது. "வீட்டுக்கு வந்தவங்களைப் பாத்திரம் கழுவ விடறதா? ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று முகம் சுருங்கிவிட்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. விருந்தாளியின் கை ஈரமாகக் கூடாது என்று சொல்லி வளர்த்த தலைமுறை. நாமக்கல் அண்ணாதான் சமாளித்தார். "அம்மா, நாங்க விருந்தாளி இல்லீங்க. உங்க பையனோட ஹாஸ்டல்ல ஒண்ணா தட்டுக் கழுவுனவன் நான். இங்க மட்டும் கழுவக்கூடாதுங்களா?" அத்தை பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் பந்தியில் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்தார். எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிறவர். அக்கா அதை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காலை வேலை: மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம்

சேலத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஜவ்வரிசி போதும்! சேலம், நாமக்கல் வட்டாரத்தின் மரவள்ளிக்கிழங்குதான் அரைபட்டு, மாவாகி, உருண்டு ஜவ்வரிசியாகிறது. இதை விற்பதற்கென்றே 1981-ல் தொடங்கப்பட்ட 'சேகோசர்வ்' கூட்டுறவு அமைப்பு சேலத்தில் இருக்கிறது. பாயசத்தில் முத்துமுத்தாக மிதப்பது வயலில் கிழங்காக இருந்தது என்று சொன்னால் வாண்டுகள் நம்புவதே இல்லை. ஒரு மரவள்ளிக்கிழங்கை வாங்கி வந்து துருவி, பிழிந்து, தண்ணீரின் அடியில் வெள்ளையாக மாவு படிவதைக் காட்டுங்கள். கண் விரியும்.

வடாம் செய்முறை எளிது. ஒரு டம்ளர் ஜவ்வரிசியை இரவே ஊறவைத்து, காலையில் ஐந்தாறு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, உப்பு, சீரகம், அரைத்த பச்சை மிளகாய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். காய்ச்சுவது பெரியவர்கள் வேலை. கூழ் நன்றாக ஆறிய பிறகு ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்து, மாடியில் விரித்த துணியில் ஊற்றச் சொன்னால் போதும். வட்டமாக வருகிறதா, வாத்து மாதிரி வருகிறதா என்பது அவரவர் திறமை. வெயில் ஏறுவதற்குள், காலை எட்டரைக்குள் முடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவது நல்லது. இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் அத்தை டப்பாவில் போட்டுவைப்பார். பொரித்தால் "இது நான் ஊத்துனது" என்று அடையாளம் காட்டாத வாண்டு இல்லை.

மதியம்: வெயிலுக்கு ஒளிந்து, தரையில் விளையாட்டு

சேலம் கோடையின் மதிய வெயில் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 11 மணியில் இருந்து 4 மணி வரை வீட்டுக்குள்தான். சரியாக இந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் கைக்குப் போன் வரும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளெல்லாம் சேர்த்துக் குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடியாடி இருக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2021-ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், ஐந்து வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது.

அக்கா வீட்டில் இதற்கு ஒரு எவர்சில்வர் கூடை இருக்கிறது. சாப்பாட்டில் இருந்து சாயந்திரக் காபி வரை எல்லாப் போனும் அதற்குள். பெரியவர்கள் போனும்தான். "நீ மட்டும் பாக்கற, எனக்குக் குடுக்க மாட்டியா?" என்று எட்டு வயதுக்காரன் கேட்டால் பதில் சொல்ல முடியாதே! அவசரத்துக்கு ஒரே ஒரு போன் மட்டும் ரிங்டோனோடு வெளியே இருக்கும்.

போன் உள்ளே போனதும் அத்தையின் பல்லாங்குழி வெளியே வரும். பக்கத்துக்கு ஏழாக 14 குழி. எங்கள் வீட்டுக் கணக்கில் குழிக்கு ஆறு முத்து. எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். முத்து தீர்ந்ததும் அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்து அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு', அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். ஆறு வயதுக்காரிக்குக் கூட்டல், கழித்தல் இதில் தானாக வருகிறது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்துத்தான் ஆட வேண்டும்.

எட்டு வயதுக்காரனுக்கு ஆடு புலி ஆட்டம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, மூன்று புலி, 15 ஆடு. புலி தாண்டிக் குதித்தால் ஆடு காலி. ஆடுகள் சுற்றி வளைத்தால் புலி மாட்டிக்கொள்ளும். முதல் தடவை எல்லாரும் புலியாகத்தான் இருக்க ஆசைப்படுவார்கள். இரண்டு ஆட்டம் முடிந்ததும், ஆடுகள் விலகாமல் சேர்ந்து நின்றால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது என்று புரிந்துவிடும். பெரியவர்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து தப்புத் தப்பாக யோசனை சொல்வதுதான் இதில் முக்கியமான பொழுதுபோக்கு.

ஒரு எச்சரிக்கை. பல்லாங்குழிக்குச் சோழியோ புளியங்கொட்டையோ வைத்து ஆடுங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த குன்றிமணி வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் அதன் விதை கடும் விஷம். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு, இது வேறு. எந்த முத்தாக இருந்தாலும் ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட வேண்டும். தவழும் குழந்தைக்குத் தரையில் கிடப்பதெல்லாம் சாப்பாடுதான்.

சாயந்திரம்: தட்டுவடை செட் கடை!

சேலம் வந்துவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிடாமல் போனால் எப்படி? வெளியூர் வாசகர்களுக்காக: கையகலத்தில் பாதி இருக்கும் மொறுமொறு தட்டுவடை இரண்டு. நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். ஒரு பக்கம் புதினா மல்லிச் சட்னி, இன்னொரு பக்கம் காரச் சட்னி. அப்படியே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில்!

வீட்டிலேயே இதை ஒரு கடையாக்கிவிட்டார்கள். தட்டுவடை கடையில் வாங்கியது, எண்ணெய்ச் சட்டியே வைக்க வேண்டாம். 13 பேருக்கு (கடைக்குட்டி கணக்கில் இல்லை என்றாலும் நாமக்கல் அண்ணா இரண்டு பேருக்குச் சமம்) 100 தட்டுவடை, ஆறு கேரட், மூன்று பீட்ரூட், நான்கு பெரிய வெங்காயம், இரண்டு சட்னி. வாண்டுகள்தான் கடைக்காரர்கள். ஆறு வயதுக்காரி ஆர்டர் எடுப்பாள், ஐந்து வயதுக்காரி அடுக்குவாள், எட்டு வயதுக்காரன் 'காசு' வாங்கிப் போடுவான். மூன்று வயதுக் குட்டிக்குத் தட்டுவடையை நன்றாக நொறுக்கி, காய் சேர்த்து, காரமில்லாமல் 'நொறுக்கல்'. வீட்டில் காய் தொடாத ஐந்து வயதுக்காரி, தான் அடுக்கிய செட்டில் இருந்த பீட்ரூட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் அம்மா அதை வீடியோ எடுக்கத் தேடியபோது போன் கூடைக்குள் இருந்தது, பாவம்!

கடைக்குட்டிக்கு இது எதுவும் கிடையாது, மசித்த இட்லிதான். ஒரு வயது முடியும்வரை தேன் கொடுக்கக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுங்கள். பாசத்தில் விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிடுவார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, கைக்குழந்தைகளுக்கு மட்டும் நரம்பைப் பாதிக்கும் நோயை உண்டாக்கலாம்.

"நீ பாத்துப்பேன்னு நெனச்சேன்..."

வீடு நிறைய பெரியவர்கள் இருந்தால் குழந்தை பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். பல நேரம் நிலைமை தலைகீழ். அம்மா, பாட்டி பார்ப்பார் என்று நினைப்பார். பாட்டி, அப்பா பார்ப்பார் என்று நினைப்பார். அப்பா, "உள்ள விளையாடுதுங்க" என்று பேச்சைத் தொடர்வார். இந்த இடைவெளிக்கு ஐந்து நிமிடம் போதும்.

அதனால் இங்கே 'முறை' உண்டு. அரை மணி நேரத்துக்கு ஒருவர். அவர் கையில் ஒரு மஞ்சள் துண்டு இருக்கும். துண்டு வைத்திருப்பவர் சமைக்க மாட்டார், போன் பேச மாட்டார், குழந்தைகள் இருக்கும் இடத்தில் இருப்பார். பாத்ரூம் போக வேண்டும் என்றாலும் துண்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான்கு பேர் அரைகுறையாகப் பார்ப்பதைவிட ஒருவர் முழுசாகப் பார்ப்பது மேல்.

நண்பர்கள் வருவதற்கு முன் வீட்டைக் குழந்தையின் உயரத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். கட்டாயம் கவனிக்க வேண்டியவை இவை:

• தண்ணீர்: பாத்ரூம் பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் தவழும் குழந்தைக்கு ஆபத்து. தலைகீழாக விழுந்தால் எழத் தெரியாது. பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். சம்ப் மூடி பூட்டியிருக்கட்டும்.

• ஹேண்ட்பேக்: வீட்டு மாத்திரைகளை மேலே வைத்திருப்போம். விருந்தாளியின் பையில் இருக்கும் மாத்திரையை யாரும் யோசிப்பதில்லை. வந்தவுடன் எல்லாப் பைகளும் பீரோவுக்கு மேல்.

• பட்டன் பேட்டரி: சின்ன ரிமோட், விளக்கு எரியும் பொம்மை, பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இருக்கும் காசு போன்ற பேட்டரியை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• தொண்டை: முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பட்டாணி ஆகியவை சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடுவது எந்த வயதுக்கும் கூடாது. அடைத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும்.

• மாடி: கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நாற்காலி, ஸ்டூல், பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில்.

ஆம்புலன்ஸுக்கு 108. இதை எட்டு வயதுக்காரனும் ஆறு வயதுக்காரியும் வீட்டு முகவரியோடு சேர்த்து ஒப்பிப்பார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

பொம்மைச் சண்டையும் பெரியவர் சண்டையும்

ஐந்து குழந்தைகள் இருந்தால் சண்டை வரும். வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். மூன்று வயதுக் குட்டிக்குத் தன் பச்சை லாரியை யாரும் தொடக்கூடாது. "ஷேர் பண்ணு சாமி" என்று எல்லார் முன்னாலும் பிடுங்கிக் கொடுத்தால் அவன் கற்றுக்கொள்வது பகிர்வதை இல்லை, பறிகொடுப்பதை. அக்கா இப்போது முதலிலேயே கேட்டுவிடுகிறார்: "கண்ணு, யாருக்கும் குடுக்க முடியாதது எது? ரெண்டு எடுத்துக்க." அந்த இரண்டும் பீரோவுக்குள் போய்விடும். மீதி எல்லாருக்கும் பொது.

அடுத்தவர் குழந்தையைக் கண்டிக்கலாமா? ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் தடுக்கலாம். மற்றபடி அந்தந்த அப்பா, அம்மா பார்த்துக்கொள்வார்கள். அடி என்பது யார் கையாலும் கிடையாது. "எங்க பாப்பா ஒம்பது மாசத்துலயே நடந்துச்சு, உங்களது இன்னும் நடக்கலையா?" மாதிரி கேள்விகளுக்கும் தடை. கேட்பவருக்கு அது பேச்சு. கேட்கப்படும் அம்மாவுக்கு அது ஒரு வாரத் தூக்கம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "மாமாவுக்கு முத்தம் குடு", "அத்தை மடியில போய் உக்காரு" என்று குழந்தையைத் தள்ளிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். வந்தவர்கள் நல்லவர்கள்தான், எனக்கும் தெரியும். ஆனால் பிடிக்காதபோது "வேண்டாம்" என்று சொல்லலாம், சொன்னால் அம்மா, அப்பா பக்கத்தில் நிற்பார்கள் என்று குழந்தை கற்றுக்கொள்வது நல்லவர்கள் நடுவில்தான். இங்கே கற்றால்தான் வேறு இடத்தில் பயன்படும். வணக்கம் சொல்வது, கைகுலுக்குவது, ஹை-ஃபைவ் என்று மூன்றையும் சொல்லி, எது வேண்டுமோ அதைச் செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள். நாமக்கல் அண்ணாவுக்கு மூன்று வயதுக் குட்டியிடம் கிடைப்பது இன்றுவரை ஹை-ஃபைவ் மட்டும்தான். அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

இரவு: அலிபாபா வந்த கதை

விருந்தாளி வந்த நாளில் குழந்தைகள் தூங்க 11 மணியாகிவிடும், மறுநாள் முழுக்கச் சிணுங்கல். மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதனால் எட்டரைக்கு ஹாலில் வரிசையாகப் பாய், விளக்கு அணைப்பு, கதை.

கதைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்தப் பழைய வளைவைக் காட்டி, "அதுக்குள்ளதான் அலிபாபா குகை இருந்துச்சு" என்றால் போதும். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இவர்கள் தயாரிப்பு. எம்.ஜி.ஆர். நடித்து 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், அதுவும் இவர்களுடையதுதான். அத்தை கதை சொல்லும்போது குகைக் கதவு திறக்கும் சத்தத்தை வாண்டுகள் வாயாலேயே போடுவார்கள். நாற்பதாவது திருடன் வருவதற்குள் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள்.

அப்புறம் ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடி பெரியவர்களுக்கு. இரண்டு பேர் மாறி மாறிக் கீழே குழந்தைகளோடு. மலைப்பக்கமிருந்து காற்று வரும். பேச்சு வேலை, வீட்டுக் கடன், அப்பா அம்மாவின் சர்க்கரை அளவு என்று சுற்றும். போன தடவை அம்மாப்பேட்டை அக்கா, ஆறு மாதமாக வேலை இல்லாமல் இருக்கும் தன் கணவரைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அவரும் பக்கத்தில்தான் இருந்தார். யாரும் அறிவுரை சொல்லவில்லை. நாமக்கல் அண்ணா மட்டும் மறுநாள் காலை இரண்டு பேருக்குப் போன் போட்டார். வீடியோ காலில் இந்தப் பேச்சு வந்திருக்காது. சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தால் அக்காவும் இதைக் கேட்டிருக்க மாட்டார்.

கிளம்பும் முன் ஒரு மணி நேரம்

ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாரும் எழுந்து வேலை. பாயைச் சுருட்டுவது, போர்வையை உதறி மடிப்பது, வீடு பெருக்குவது, குப்பையைப் பிரித்துப் போடுவது. வாண்டுகளுக்குப் பொம்மை பொறுக்கும் வேலை. நான்கு மணிக்கு வீடு, சனிக்கிழமை காலை இருந்த மாதிரியே இருக்கும். செலவையும் அங்கேயே மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். "பரவால்ல, இருக்கட்டும்" என்பதெல்லாம் கிடையாது. ஒருவருக்குக் கை இறுக்கமாக இருக்கும் மாதம் என்று தெரிந்தால், மெனு சாம்பார் சாதத்துக்கு இறங்கும். மட்டன் இல்லாததால் யாரும் வராமல் இருந்ததில்லை.

இந்த வாரம் நீங்கள் நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், ஸ்வீட் பாக்ஸோடு இதையும் எடுத்துப் போங்கள்: எந்த வேளைச் சமையல் உங்களுடையது என்று முன்கூட்டியே ஒரு மெசேஜ். குழந்தைக்கு ஒவ்வாத உணவு எது என்று ஒரு வரி. சொந்தப் போர்வை, துண்டு. இரண்டு விளையாட்டுச் சாமான். கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேர உழைப்பு.

உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் வேலை ஒன்றே ஒன்றுதான். "நான் என்ன செய்யட்டும்?" என்று அவர்கள் கேட்கும்போது, "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லாதீர்கள். வெங்காயத்தையும் கத்தியையும் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நீங்களும் உட்காருங்கள்.